புதுப்பிப்பு: புதுக் குதிரை தண்ணீர் குடிக்கவில்லை, இரவெல்லாம் கனைக்கிறது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொழும்புப் பக்கத்திலிருந்து நுவரெலியாவுக்குக் கொண்டுவந்த பெண் குதிரை தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, இரவில் கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறது என்று எழுதியிருந்தேன்.

தண்ணீர்ப் பிரச்சினை அன்று மாலையே தீர்ந்தது. வாளியில் ஒரு கைப்பிடி சர்க்கரை கரைத்து வைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். 5 நாளில் சர்க்கரையைக் குறைத்து நிறுத்திவிட்டேன். தீனியை ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுவலி வரும் என்றார்கள். அதனால் பழைய இடத்துக் காய்ந்த புல்லில் இங்குள்ளதைக் கலந்து, 10 நாளில் மாற்றி முடித்தேன்.

இரவுக் கனைப்புக்குக் குளிர்தான் காரணம் என்று நினைத்துச் சாக்குப் போர்த்தினேன். பலனில்லை. துணைக்கு ஓர் ஆடு கட்டச் சொன்ன அக்காவின் பேச்சைக் கேட்டேன். மூன்றாம் இரவு சத்தமே இல்லை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி, தனிமைதான் அதை வாட்டியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: ஆடு குதிரையின் வாலைக் கடித்துக் குட்டையாக்கிவிட்டது! இப்போது நடுவில் ஒரு மரத் தடுப்பு. ஒன்றையொன்று பார்க்க முடிகிறது, வாலும் பத்திரம்.