புற்றுநோய் செல் ஏன் இவ்வளவு சர்க்கரை இழுக்கிறது?

லயத்துப்பிள்ளை:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா பால்மரம் (ரப்பர்) சீவியவர், இப்போது நுரையீரல் புற்றுநோய். ஈப்போவில் எடுத்த பெட் ஸ்கேனில் (சர்க்கரை மாதிரி மருந்து ஏற்றி எடுக்கும் படம்) கட்டி பளிச்சென்று தெரிந்தது, சர்க்கரையை அதிகம் இழுக்கிறதாம். அதிலிருந்து சித்தப்பா அவருக்குத் தே ஓ கொசோங்தான் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), சோறும் பாதிதான் என்று ஆக்கிவிட்டார். செல்லுக்குள் என்னதான் மாறுகிறது?

ஆய்வக அக்கா:
தம்பி, இதை 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கவனித்தார். சாதாரண செல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதாக எரித்துச் சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) எடுக்கும். புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் இருந்தும் நிறைய குளுக்கோஸைப் பாதி வழியில் லாக்டேட்டாக மாற்றிவிடும், அதில் கிடைப்பது 2 ஏடிபிதான். நஷ்டம் மாதிரித் தெரியும், ஆனால் வேகமாகப் பெருகும் செல்லுக்குப் புது டிஎன்ஏவும் சவ்வும் கட்டச் சரக்கு வேண்டும், அது இந்தப் பாதையிலிருந்துதான் கிளைபிரிகிறது. செல் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் மரபணு பிறழ்ந்தாலோ, மிக், எச்ஐஎஃப்-1 புரதங்கள் மிகையானாலோ, குளுக்கோஸை உள்ளே விடும் கிளட்1 வாசல்கள் கூடிவிடும். ஸ்கேனில் பளிச்சிட்டது அதனால்தான்.

தைப்பிங்காரன்:
ஒன்று சேர்க்கிறேன், குளுக்கோஸை முழுதாக எரிக்க உதவும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா செத்துப்போவதில்லை. பல நுரையீரல் கட்டிகள் இரத்தத்தில் வரும் லாக்டேட்டையே எரிக்கின்றன. சிலவற்றில் ஆற்றல் குறைவை உணர்ந்து செயல்பட உதவும் எல்கேபி1 மரபணுவே போய்விடுகிறது.

ஆய்வக அக்கா:
ஆமாம். அப்புறம் தம்பி, சோற்றைக் குறைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சாப்பிடாவிட்டாலும் தசைப் புரதம் கரைந்து, அதிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் செய்யும், அப்பாதான் மெலிவார். மருத்துவமனை உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.

லயத்துப்பிள்ளை:
சரி அக்கா, இன்று ராத்திரியே சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுகிறேன்.