நரம்பு டெஸ்ட் நார்மல், ஆனால் அப்பாவுக்குப் பாதம் எரிகிறது. எதை நம்புவது?

நிலாமுற்றம் கேட்டது:

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார். ஆறு மாதமாக, இரவில் படுத்ததும் இரண்டு பாதமும் எரிகிறது என்கிறார். போர்வை பட்டாலே ஆகாது. நள்ளிரவில் நான் எழுந்து பார்த்தால், வெறும் தரையில் பாதத்தை அழுத்தி வைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

போன வாரம், நரம்பில் சமிக்ஞை போவதை அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுத்தோம். எல்லாம் நார்மல். அதிலிருந்து வீட்டில் ‘எல்லாம் மனசுதான்’ என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. அப்பாவும் எரிகிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். ஆனால் இன்னும் தூங்கவில்லை. ரிப்போர்ட் நார்மல் என்றால் நரம்பில் கோளாறே இல்லை என்றுதான் அர்த்தமா?

பாதம்பார்ப்பவள் பதில்:

இல்லை. சர்க்கரை உள்ளவர்களின் பாதங்களைப் பரிசோதிப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. அப்பா சொல்வதை நம்புங்கள். நம்புகிறேன் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லியும் விடுங்கள்.

நீங்கள் எடுத்த டெஸ்ட் தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். அதிர்வு, தொடுகை இதெல்லாம் அவற்றின் வேலை. வலி, சூடு, குளிர் மூன்றும் மெல்லிய இழைகள் வழியாகப் போகின்றன. அந்தச் சமிக்ஞை அவ்வளவு மெதுவானது, அவ்வளவு சின்னது. அந்த மெஷினில் பதிவாகாது. சர்க்கரையில் பல பேருக்கு மெல்லிய இழைகள்தான் முதலில் கெடுகின்றன. அதனால் எரிச்சலும் நார்மல் ரிப்போர்ட்டும் சேர்ந்து வருவது எங்களுக்குப் புதிதல்ல.

கையால் செய்யும் எளிய பரிசோதனைகளை யாராவது செய்தார்களா? 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை, அதாவது தட்டினால் அதிரும் உலோகக் கவையைத் தட்டி, கால் கட்டைவிரல் நகத்துக்குப் பின்னால் எலும்பின் மேல் வைப்போம். ‘நின்றுவிட்டது’ என்று அவர் சொன்ன நொடியில் அதை என் கைக் கட்டைவிரலில் வைத்துப் பார்ப்பேன். எனக்கு இன்னும் நன்றாக அதிர்ந்துகொண்டிருந்தால் அவருக்கு உணர்வு குறைந்திருக்கிறது. அப்புறம் மோனோஃபிலமென்ட். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் நைலான் இழை. முதலில் மணிக்கட்டில் தொட்டுக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பாதத்தில் வைக்க வேண்டும். ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டே போகக் கூடாது. நாலு முறை ‘ஆமா’ சொன்னவர், தொடாதபோதும் ஐந்தாவது ‘ஆமா’ சொல்லிவிடுவார். இதைக் கற்றுக்கொள்ள எனக்கே ஒரு வருடம் பிடித்தது. அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் செய்த ஆய்வு 1986-இல் வந்தது. பாதப்புண் வந்தவர்கள் இந்த இழையை உணரவில்லை என்று அதில் கண்டார்கள். அங்கிருந்துதான் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதுவே அளவுகோலானது.

வீட்டில் செய்யவும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனைக் குழு 2011-இல் வெளியிட்டது. விரல் நுனி போதும். அப்பா கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக இரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று பொருள்.

இது தொடுகைக்கு மட்டும்தான். குளிர்ச்சிக்கு, ஃபிரிட்ஜில் வைத்த ஒரு ஸ்டீல் ஸ்பூனைப் பாதத்தின் மேலும் முழங்காலுக்குக் கீழும் வைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். இது முறைப்படியான டெஸ்ட் இல்லை. டாக்டரிடம் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

ஷூக்காரன் பதில்:

என் கதை இதற்கு நேர் எதிர். எனக்கு எரிச்சலே வந்ததில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றினேன், சாக்ஸ் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து உருவினால் ரத்தம். ஷூவுக்குள் ஒரு சின்ன திருகாணி. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. ஒன்பது வருடச் சர்க்கரையில் அதற்கு முன் ஒருவர்கூட என் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. நானும் காட்டியதில்லை. எரியும்போதாவது ஆள் கவனிக்கிறான். தயவுசெய்து அந்த ஆறு விரல் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதம்பார்ப்பவள் பதில்:

இவர் சொல்வதை எல்லோரும் படிக்க வேண்டும். நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் வரைக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் டைப் 2 என்றால் கண்டுபிடித்த அன்றே, டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். தொந்தரவு இருக்கிறதா என்று வாயால் கேட்டுவிட்டு அனுப்புவது போதாது.

நிலாமுற்றம்:

நேற்று இரவு செய்தேன். ஆறு விரலும் சரியாகச் சொன்னார். ஸ்பூனில்தான் எனக்குத் திக்கென்றது. முழங்காலுக்குக் கீழே வைத்ததும் ‘ஜில்லுன்னு இருக்கு’ என்று காலை இழுத்துக்கொண்டார். பாதத்தின் மேல் வைத்தால், ‘ஏதோ வச்சிருக்கே, என்னது?’ என்கிறார். இரண்டு காலிலும் அப்படித்தான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்ப நான் சும்மா சொல்லலை’ என்றார்.

பாதம்பார்ப்பவள் பதில்:

தொடுகை இருக்கிறது, குளிர் தெரியவில்லை. மெல்லிய இழைகள் பக்கம்தான் சந்தேகம் போகிறது. இதை இப்படியே தேதி போட்டு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். வைட்டமின் பி12 அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அது குறையலாம், அதனாலும் நரம்பு கெடும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கட்டும். மேல் அளவு 20 இறங்கினால் பிரஷர் போன்றவற்றைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் தானியங்கி நரம்புகளையும் கவனிக்க வேண்டும்.

உறுதிப்படுத்த வேண்டும் என்றால், கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து நரம்பிழைகளை எண்ணும் பயாப்ஸி இருக்கிறது. கண்ணின் கருவிழியில் உள்ள நரம்புகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் முறையை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாக்டர் ரயாஸ் மாலிக் குழு பல வருடமாக ஆராய்ந்து வளர்த்திருக்கிறது. ஆனால் எரிச்சலுக்கு மருந்து தொடங்க இவை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. பிரீகாபலின், டுலாக்ஸெடின் போன்றவை இருக்கின்றன. அவருக்கு எது பொருந்தும் என்று டாக்டர் முடிவு செய்வார்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். குளிர் தெரியாத பாதத்துக்குச் சூடும் தெரியாமல் போகலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டை நீங்கள் முழங்கையை விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.