சங்காவின் 38 சதம்: எத்தனையைக் கழிக்கலாம்?

பம்பலப்பிட்டி_எண்ட்
சங்கக்காரவை இலங்கையின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர் என்று சொல்லும்போது 38 டெஸ்ட் சதத்தைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதில் 7 பங்களாதேஷுக்கு எதிராக வந்தவை. 15 டெஸ்ட், 1,816 ஓட்டம், சராசரி 95.57. 2014இல் சிட்டகொங்கில் ஒரே போட்டியில் 319உம் 105உம். இதைக் கழித்துவிட்டு மஹேல ஜயவர்தனவோடு ஒப்பிடுங்கள், பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை
கழிச்சாச்சு அண்ணை. சங்காவின்ர மொத்த டெஸ்ட் ஓட்டம் 12,400இல 1,816 போனா 10,584. இன்னிங்ஸால வகுக்காதீங்கோ, பலபேர் பிழை விடுற இடம் அதுதான். ஆட்டமிழப்பால வகுக்கவேணும். மொத்த ஆட்டமிழப்பு 216, பங்களாதேஷிடம் 19, மிச்சம் 197. சராசரி 53.7. மஹேலவுக்கு ஒண்டுமே கழிக்காமல் 49.84. சதமும் 31 மிஞ்சுது.

இனி உங்கட ஆள் மஹேலவுக்கு வருவம். 34 சதத்தில 11 கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில. அங்க 27 டெஸ்டில 2,921 ஓட்டம். அதை எடுத்துவிட்டா மிச்ச உலகம் முழுக்கச் சராசரி 44.9தான்.

பம்பலப்பிட்டி_எண்ட்
எஸ்.எஸ்.சி. தட்டையான ஆடுகளம், மறுக்கவில்லை. 2010இல் நாம் 4 விக்கெட்டுக்கு 642, இந்தியா 707. ஆனால் அந்தப் போட்டியில் 219 அடித்தவர் யார்? சங்கா. 2006இல் தென்னாபிரிக்காவை 624 ஓட்ட இணைப்பாட்டத்தால் வதைத்தபோது மஹேல 374, மறுமுனையில் 287 யாருடையது?

அதே தொடரின் அடுத்த டெஸ்ட் சரா ஓவலில் (நம்ம சரவணமுத்துவின் பெயர் தாங்கிய மைதானம், அதையும் ஒருக்கால் சொல்லிவைப்போம்). இலக்கு 352. மஹேல 123. ஒரு விக்கெட்டால் வெற்றி. நாலாவது இன்னிங்ஸ் சதத்தின் கனம் சராசரியில் தெரியாது.

மூன்றாம்_இலக்கம்
நாலாவது இன்னிங்ஸ் எண்டா, அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஹோபார்ட் 2007. இலக்கு 507, சங்கா 192. பந்து துடுப்பில் படவேயில்லை, தோளில் பட்டு ஸ்லிப்புக்குப் போனதுக்கு நடுவர் விரலைத் தூக்கினார். 410க்கு எல்லாரும் அவுட்.

நீங்கள் இருவரும் தொடாத பிரிவு ஒன்று இருக்கு. விக்கெட் காப்பாளராக 48 டெஸ்ட்: 7 சதம், சராசரி 40.48. கையுறையைக் கழற்றிய 86 டெஸ்ட்: 31 சதம், 66.78. நூற்றைம்பது ஓவர் குந்தி எழும்பிவிட்டு, பத்து நிமிட இடைவேளையில் கால்காப்பு மாட்டி மூன்றாம் இலக்கத்தில் இறங்குவது என்ன வேலை எண்டு யோசியுங்கோ. முதல் ஓவரிலேயே விக்கெட் விழுந்தா மூச்சு வாங்கக்கூட நேரமில்லை.

பம்பலப்பிட்டி_எண்ட்
கையுறை மட்டும் காரணமில்லை. காப்பாளராக இருந்தது பெரும்பாலும் இளவயதில், ஆட்டம் முதிராத காலம். 2002இல் லாகூரில் 230 அடித்ததும் காப்பாளராகத்தானே?

கணக்குப்பிள்ளை
அதுவும் நியாயம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஏலாது.

ஆனா கழிக்கிற விளையாட்டை எனக்கு விளங்காத ஒரு காரணத்துக்காக ஒரு பக்கம் மட்டும்தான் விளையாடுறீங்கள். கூட்டியும் பாருங்கோ. பிராட்மன் 12 இரட்டைச் சதம், சங்கா 11. ஹோபார்ட்டில இரட்டைச் சதத்துக்கு 8 ஓட்டம் குறைவு. 2012இல காலியில பாகிஸ்தானுக்கு எதிரா ஸ்கோர்போர்ட் ஒரு ஓட்டம் கூடக் காட்டினதால, சிக்ஸர் அடிச்சு 200 எண்டு கொண்டாடினார். உண்மையில 199. மறுமுனையில கடைசி விக்கெட்டும் போய், 199லேயே ஆட்டமிழக்காமல் நிண்டார்.

பம்பலப்பிட்டி_எண்ட்
அந்த 199ஐ மட்டும் உங்களுக்கு விட்டுத்தாறேன். ஹோபார்ட்டுக்கு நடுவரிடம் கேளுங்கள்.