புதுப்பிப்பு: கால்ஃப் கிரிப் மாற்றியபின் பந்து இடப்பக்கம் போகிறதா?

ஸ்லைஸ் (அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போவது) பற்றிய முந்தைய பதிவில், இடது கையின் இரண்டு, மூன்று கணுக்கள் கண்ணுக்குத் தெரியும்படி கிரிப்பை, அதாவது கிளப்பை (மட்டையை) பிடிக்கும் விதத்தை, திருப்பிக்கொள்ளச் சொல்லியிருந்தேன் (வலது கை ஆட்டக்காரர்களுக்கு). செய்து பார்த்த பலருக்கு இப்போது பந்து வளையாமல் நேராக இடப்பக்கம் போகிறதாம். கிரிப்பைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள், இது முன்னேற்றம்தான்!

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) முடிவு செய்கிறது. முகத்துக்கும் ஸ்விங் பாதைக்கும் (கிளப் வீசப்படும் திசைக்கும்) உள்ள வேறுபாடுதான் வளைவைத் தருகிறது. இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் இரண்டுமே இடப்பக்கம் பார்க்கின்றன. மீதி வேலை பாதையில்.

முதலில் பந்தின் இடத்தைப் பாருங்கள். செவன் அயர்ன் என்ற நடுத்தரக் கிளப்புக்கு, இரு கால்களின் நடுவிலிருந்து ஒரு பந்தளவு இலக்கின் பக்கம் முன்னே போதும். அதைத் தாண்டினால் தோள் தானாகவே இடப்பக்கம் திறந்துகொள்ளும். மார்பின் குறுக்கே ஒரு கிளப்பைப் பிடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பயிற்சி. பந்துக்கு வெளிப்புறம், ஒரு சாண் பின்னால், காலி ஹெட்கவரை (கிளப்பின் தலையை மூடும் உறை) வையுங்கள். கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் அதில் இடிக்கும். அரை ஸ்விங், பாதி வேகம். கீழிறங்கும்போது எடை முதலில் இடது காலுக்குப் போகட்டும். தோள் அவசரப்பட்டு முன்னே சுழன்றால் ஹெட்கவர் பறக்கும். ஹெட்கவரைத் தொடாமல் தொடர்ந்து பத்து முறை அடித்தபிறகே முழு வேகம்.

புல்வெளியில் அடிப்பவர்கள் பெயர்ந்த மண்தடத்தையும் கவனியுங்கள். அது இன்னும் இலக்குக்கு இடப்பக்கம் காட்டினால் டிரைவரை (மிக நீளமான கிளப்பை) தொட வேண்டாம்.