வேலை நல்லாதான் போகுது, ஆனா "நமக்கு ஒண்ணும் தெரியாது"ங்கற பயம் போக மாட்டேங்குது

ஆத்தூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி லேப்ல இருக்கேன். எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி, எங்க வீட்ல முதல் பட்டதாரி நான்தான். இந்த சீசன்ல லேப் இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க, அப்பலருந்து தூக்கமே சரியில்ல. லாரில வர்ற குச்சிக்கிழங்குக்கு பாயிண்ட் (அதுல எவ்ளோ மாவுச்சத்துன்னு) பாக்கறதுலருந்து, ஜவ்வரிசி மூட்டை சேகோசர்வுக்கு (சேலத்துல இருக்கற ஜவ்வரிசி ஆலைக்காரங்க கூட்டுறவு சங்கம்) கிளம்பறதுக்கு முன்னாடி ஈரம், சாம்பல், புளிப்பு எல்லாம் பாத்து கையெழுத்து போடற வரைக்கும் என் பொறுப்பு. ரீடிங் சரியா வந்தாலும் நம்பிக்கை வரல, திரும்பத் திரும்ப ஓட்டறேன், எல்லாரும் கிளம்பின அப்புறமும் நான் மட்டும் லேப்லயே உக்காந்திருக்கேன். முதலாளி "நல்லா பண்றம்மா"ன்னு சொன்னா சந்தோஷம் வர்றதில்ல, இவருக்கு இன்னும் விஷயம் தெரியல, ஒருநாள் தெரிஞ்சிடும்னுதான் தோணுது. களத்துல வருஷக்கணக்கா இருக்கற அண்ணனுங்க மாவ விரல்ல தேச்சே ஈரம் சொல்லிடறாங்க, அவங்க முன்னாடி இன்சார்ஜ்னு நிக்கவே கூச்சமா இருக்கு. இது எனக்கு மட்டும்தானா? இதுலருந்து யாராவது வெளிய வந்திருக்கீங்களா?

ஏற்காடு மலைக்காத்து:
உங்களுக்கு மட்டும் இல்லம்மா. இம்போஸ்டர் சிண்ட்ரோம்னு சொல்றாங்களே, திறமை இருந்தும் 'நான் தகுதியில்லாதவ, ஒருநாள் மாட்டிக்குவேன்'னு பயப்படறது, அதுதான். 1978ல பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ்னு அமெரிக்காவுல ரெண்டு சைக்காலஜிஸ்ட் முதல்ல எழுதினாங்க, நல்லா படிச்சு சாதிச்ச 150 பெண்களுக்கு மேல பேசிப் பாத்து எழுதினது. ஆம்பளைங்களுக்கும் இருக்குன்னு பின்னாடி வந்த ஆய்வுல தெரிஞ்சுச்சு. டாக்டருங்க நோய்னு பட்டியல் போட்டு வெச்சிருக்கற விஷயம் கிடையாது, அதனால எனக்கு ஏதோ வியாதின்னு நினைச்சுக்காதீங்க.

கிளான்ஸ் ஒரு சுழற்சி சொல்றாங்க, நீங்க எழுதினத படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. வேலை வந்ததும் பயம், பயத்துல ஒண்ணு அளவுக்கு மீறி உழைப்போம் இல்ல கடைசி நிமிஷம் வரைக்கும் தள்ளிப் போடுவோம், வேலை நல்லா முடிஞ்சதும் "அவ்ளோ மெனக்கெட்டதாலதான்"னோ "ஏதோ அதிர்ஷ்டம்"னோ சொல்லிக்குவோம், நமக்கு திறமை இருக்குங்கறது கணக்குலயே ஏறாது, அடுத்த வேலைக்கு மறுபடி அதே பயம். நீங்க திரும்பத் திரும்ப டெஸ்ட் ஓட்டறது அந்த முதல் வகை. எத்தன தடவை ஓட்டினாலும் பயம் குறையாது, ஏன்னா ரீடிங் சரியா வந்த பெருமை முழுசும் அந்த கூடுதல் டெஸ்டுக்குப் போயிடுது, உங்களுக்கு வர்றதே இல்ல.

சூரமங்கலத்தான்:
மேல சொன்னது சரிதான், ஆனா எல்லாத்தையும் அந்தப் பொண்ணு மனசு மேலயே போடறது எனக்கு சரியா படல. இன்சார்ஜ் ஆக்கினாங்களே, சொல்லிக் குடுத்தாங்களா? பழைய ரெக்கார்ட உக்காந்து பாக்க ஒரு வாரமாவது நேரம் குடுத்தாங்களா? பாயிண்ட் குறைஞ்சா விவசாயிக்கு காசு குறையும், அவங்க சண்டை போடத்தான் செய்வாங்க, கூடிட்டா முதலாளி மூஞ்சி மாறும். நடுவுல ஒரு சின்னப் பொண்ண தனியா நிறுத்திட்டு "தைரியமா இரும்மா"ன்னா எப்படி? 2021ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ பத்திரிகைல ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி ஆன் ப்யூரினு ரெண்டு பேர் இதையேதான் எழுதினாங்க, பெண்களை சரி பண்றத விட்டுட்டு வேலை இடத்த சரி பண்ணுங்கன்னு. தங்கச்சி, முதலாளிகிட்ட நேரா கேளுங்க: எந்த ரீடிங் வந்தா லோடு நிறுத்தலாம், நான் நிறுத்தினா நீங்க என் பக்கம் நிப்பீங்களான்னு. பாதி பயம் அங்கதான் இருக்கும்னு நினைக்கறேன்.

அம்மாபேட்டை அக்கா:
கண்ணு, நான் பால் கம்பெனி லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவ. ஒண்ணு மட்டும் செய். "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு மொத்தமா சொல்லாம, எது தெரியாதுன்னு எழுது. உதாரணத்துக்கு ஈரம் பாக்க தெரியும், சாம்பல் பாக்க தெரியும், ஆனா வெள்ளை கம்மியான மாவு வந்தா எந்த ஸ்டேஜ்ல தப்புன்னு சொல்ல தெரியாது. இப்படி எழுதினா நிஜமா கத்துக்க வேண்டியது நாலஞ்சுதான் நிக்கும், மீதி வெறும் பயம். கத்துக்க வேண்டியதுக்கு அந்த களத்து அண்ணன்கிட்டயே போ. அவர் விரல்ல தேச்சு சொல்றத ஒரு நோட்டுல எழுதிக்க, அதே மாவ ஓவன்ல போட்டு வர்ற ரீடிங்க பக்கத்துல எழுது. அவருக்கும் மரியாதை, உனக்கும் கை பழகும்.

டெஸ்டுக்கு விதி வெச்சுக்க. டூப்ளிகேட் (ஒரே மாவுக்கு ரெண்டு தடவை பாக்கற டெஸ்ட்) ரெண்டும் ஒத்துப் போனா கையெழுத்து, ஒத்துப் போகலன்னா மட்டும் மூணாவது. மனசு கேக்குதுன்னு மூணாவது ஓட்டாத.

தூக்கம் ரொம்ப நாளா சரியில்லன்னா 14416க்கு போன் போடு, டெலி மானஸ்னு மனநல உதவி எண், அரசாங்கத்தோடதுதான், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

ஆத்தூர்க்காரி:
அக்கா, பஸ்ல வரும்போதே எழுதிப் பாத்தேன், தெரியாததுன்னு மூணுதான் வந்துச்சு. சூரமங்கலம் அண்ணா, லோடு நிறுத்தற அதிகாரம் பத்தி இதுவரைக்கும் யாருமே என்கிட்ட பேசலங்கறது நீங்க சொன்ன அப்புறம்தான் உறைக்குது, திங்கட்கிழமை முதலாளிகிட்ட கேக்கறேன். மூணுல ஒண்ணு புளிப்பு ஏறின மாவு பத்தி, தொட்டில எத்தன மணி நேரம் நின்னா ஏறும்னு சேகோ லைன்ல இருக்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.