விட்டுவிட்டு எரிந்த என்ஜின் விளக்கு: புதுப்பிப்பு

என்னுடைய 2009 மாடல் பெட்ரோல் காரில், காட்பாடி மேம்பாலம் ஏறும்போது டாஷ்போர்டில் கோளாறைக் காட்டும் என்ஜின் விளக்கு எரிவதும், இரண்டொரு நாளில் தானே அணைவதுமாக இருப்பதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடும்படி பலர் சொன்னீர்கள், மாற்றவில்லை, நல்லவேளை.

காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் வந்தது பி0135, அதாவது சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சுற்றில் கோளாறு. அந்தக் குறியீடு சுற்றைத்தான் குறிக்கிறதே தவிர, சென்சார் செத்துவிட்டது என்று சொல்வதில்லை. என்ஜின் ஆறியபின் மல்டிமீட்டரில் ஹீட்டர் 6 ஓம் காட்டியது, அதில் குறையில்லை. பிறகு, சத்துவாச்சாரியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், மீட்டரை வைத்தபடியே ஒயரை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டு வந்தார். சைலன்சர் குழாயை ஒட்டிய கிளிப்பருகே வந்ததும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. உறையைக் கீறினால், உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலூர் வெயிலின் மேல் பழி போட்டிருந்தேன்; உண்மையில் சுட்டது குழாய்.

புது ஒயரைப் பற்றவைத்து, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயைவிட்டு விலக்கிக் கட்டினோம். குறியீட்டை அழித்த பிறகு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிட்டேன். மூன்று வாரமாக விளக்கு எரியவில்லை.