உப்பளப் படங்களுக்கு எந்தத் தாள் பொருந்தும்?

கரைக்காற்று:
அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களில் மூன்று ஆண்டுகளாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து இருபதைத் தேர்ந்து, ஏ3+ அளவில் (ஏ3-ஐவிடச் சற்றுப் பெரியது) நானே அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு ஒரு நூலக அரங்கில் வைக்க இருக்கிறேன். கையில் இருப்பது கேனான் புரோ-300 அச்சு இயந்திரம். இதுவரை பிளாஸ்டிக் பூச்சுள்ள சாதாரண கிளாசி (பளபளப்பான) தாளையே பயன்படுத்தி வந்ததால், பருத்தித் தாளிலும் பேரைட்டா தாளிலும் எனக்குப் பழக்கம் இல்லை.

சென்ற மாதம் ஓர் அச்சகத்தில் மேட் வகைப் (பளபளப்பற்ற) பருத்தித் தாளில் ஒரு படத்தை அச்சிட்டு வாங்கினேன். உப்புக் குவியலின் சொரசொரப்பான மேற்பரப்பு தொட்டுப் பார்க்கலாம் போல வந்திருந்தது. ஆனால் முன்னே கூடையுடன் நிற்கும் அம்மாவின் முகமும் சேலை மடிப்புகளும் ஒரே சாம்பல் பூத்த கறுப்பாகிவிட்டன. அந்த முகம் தெரியாவிட்டால் அந்தப் படம் எடுத்ததற்கே பொருள் இல்லை. இது தாளின் குறையா, அச்சிட்ட முறையின் குறையா? பெட்டி பெட்டியாக வாங்கிச் சோதிக்க வசதி இல்லாததால், எந்தத் தாளில் தொடங்கலாம் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இருட்டறை:
குறை இரண்டிலும் இருக்கலாம். மேட் தாளின் மேற்பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், எவ்வளவு மை இட்டாலும் அதன் கறுப்பின் அடர்த்தி ஏறக்குறைய 1.6, 1.7 என்ற அளவோடு நின்றுவிடும். நல்ல பேரைட்டா தாளில் அது 2.2-ஐத் தாண்டும். இவை மடக்கை அளவில் உள்ள எண்கள். ஆகவே மேட் தாளின் கறுப்பு, பேரைட்டாவின் கறுப்பைவிட மூன்று மடங்குக்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். பேரைட்டா என்பது பேரியம் சல்பேட். பழைய வெள்ளி அச்சுத் தாள்களில் ஜெலட்டினுக்கு அடியில் பூசப்பட்ட அதே வெண்பொருள்தான் இது. இருட்டறையில் கழுவிய படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தாள் உடனே நெருக்கமாகிவிடும்.

ஆனால் மேட் தாள் என்பதற்காக மட்டும் சேலை மடிப்புகள் மறைந்துவிடாது. தாளின் சிறிய எல்லைக்குள் படத்தின் நிழல்களை முறையாக அடக்குவது ஐசிசி புரொஃபைலின் வேலை; குறிப்பிட்ட தாளிலும் மையிலும் நிறங்கள் எப்படி வரும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் கோப்பு அது. வேறு தாளின் புரொஃபைலைக் கொடுத்தால் நிழல்களின் வேறுபாடு மறைந்துவிடலாம். தாள் வகையில் கிளாசி என்று தேர்ந்தெடுத்துவிட்டாலோ, மேட் பிளாக் (மேட் தாளுக்கான கறுப்பு மை) இறங்க வேண்டிய இடத்தில் போட்டோ பிளாக் (பளபளப்புத் தாளுக்கான கறுப்பு மை) இறங்கி, நீங்கள் சொல்லும் அதே சாம்பல் பூத்த கறுப்புத்தான் வரும். உங்கள் இயந்திரத்தில் இரண்டு கறுப்பும் எப்போதும் பொருத்தப்பட்டே இருப்பதால் மை மாற்றும் செலவு இல்லை. தாள் வகையைச் சரியாகக் குறித்தால் போதும். அச்சிடுவதற்கு முன் திரையில் சாஃப்ட் புரூஃப் (அச்சு எப்படி வரும் என்ற முன்தோற்றம்) வைத்து, முகத்தின் நிழலை மட்டும் சற்று உயர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் முகம் தெளியாவிட்டால் மட்டுமே மேட் தாளைக் கைவிடுவது நியாயம்.

வெண்தாள்:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் இந்தப் படங்களில் கறுப்பைவிட வெள்ளையே என்னைக் கவலைப்பட வைக்கிறது. நண்பகல் வெயிலில் உப்புக் குவியலின் மேல் ஏறக்குறைய மையே விழாது. அந்த இடத்தில் பார்வையாளர் பார்ப்பது உப்பை அல்ல, வெறும் தாளைத்தான். தாளின் நிறம் என்னவோ அதுவே உங்கள் உப்பின் நிறம்.

பளிச்சென்று வெளுத்துத் தெரியும் பல தாள்களில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வதால் தாள் வெள்ளையாகத் தோன்றுகிறது. ஆண்டுகள் செல்ல அந்தப் பொருள் செயலிழக்கும்போது தாள் மஞ்சளை நோக்கிச் சரியும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் முதல் நாளிலேயே அதன் பளிச்சிடல் குறைந்துவிடும். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கின் கீழ் தாளின் ஓரத்தை நீட்டிப் பாருங்கள். நகல் எடுக்கும் தாள் நீலமாக எரியும். ஒளிர்வூட்டி இல்லாத பருத்தித் தாள் மங்கலாகவே இருக்கும்.

எனவே ஒளிர்வூட்டி சேராத கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் (சதுர மீட்டருக்கு 310 கிராம், முழுப் பருத்தி, மென்பளபளப்பு) தாளில் தொடங்குங்கள். மேட் வகையில் அதே நிறுவனத்தின் ராக் போட்டோகிராஃபிக், ஹானமூலேயின் போட்டோ ராக் 308 இரண்டும் நம்பகமானவை. போட்டோ ராகில் மட்டும் சிறிதளவு ஒளிர்வூட்டி உண்டு. இவற்றின் மாதிரித் தொகுப்புகள் ஏ4 அளவில் கிடைப்பதால் முழுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. மாதிரித் தாளில் முழுப் படத்தையும் சுருக்கி அச்சிட்டால் எதுவும் புரியாது. ஏ3+ அளவில் வரப்போகும் முகத்தையும் அருகிலுள்ள உப்பையும் மட்டும் வெட்டி, அதே பெரிய அளவிலேயே அச்சிடுங்கள்.

கரைக்காற்று:
மிக்க நன்றி. அச்சகத்தாரிடம் கேட்டேன், எல்லா மேட் தாளுக்கும் ஒரே புரொஃபைலைத்தான் பயன்படுத்துகிறார்களாம். மாதிரித் தொகுப்பு வாங்கிவிட்டேன். கடலுக்கு அருகில் வீடு என்பதால், காற்றின் ஈரம் தாளைப் பாதிக்குமா?

நீலவிளிம்பு:
பாதிக்கும். ஈரம் ஏறிய பருத்தித் தாளின் மூலை மேல்நோக்கி வளைந்து, மைத்தலை அதில் உரசிக் கறுப்புத் தீற்றலை இழுத்துவிடும். ராமேசுவரத்தில் இப்படி மூன்று தாள்களை இழந்திருக்கிறேன். தாளை அதன் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே போட்டு வைக்காதீர்கள். அச்சிடும் நேரத்தில் மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். இயந்திரத்தில் தாள் உரசலைத் தவிர்க்கும் அமைப்பையும் இயக்கி வையுங்கள்.

மேட் தாளைச் சோதிப்பதாக இருந்தால் இன்னொன்று. பருத்தித் தாளில் கண்ணுக்குத் தெரியாத இழைத்துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் மை விழுந்து, காய்ந்தபின் துகள் உதிர்ந்தால், கரிய பரப்பின் நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளி தெரியும். மென்மையான அகலத் தூரிகையால் தாளைச் சாய்த்துப் பிடித்து இருமுறை வருடிவிட்டு உள்ளே செலுத்துங்கள். எது பூச்சுள்ள பக்கம் என்று ஐயம் வந்தால், ஈர விரலால் மூலையைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டுகிற பக்கமே அச்சிடும் பக்கம்.

கரைக்காற்று:
நான்கு மாதிரிகளையும் வடக்குச் சன்னலருகே வரிசையாக வைத்து இரண்டு நாள் பார்த்தேன். சரியான புரொஃபைலோடு அச்சிட்டபோது மேட் தாளிலேயே சேலை மடிப்புகள் திரும்பி வந்தன. ஆகவே தாளின் மேல் நான் சொன்ன குற்றம் பாதி தவறு. ஆனால் அந்த அம்மாவின் கன்னத்தில் காய்ந்திருந்த உப்புப் பொடி, கரிய தோலிலிருந்து தனியாகப் பிரிந்து தெரிந்தது பிளாட்டினில் மட்டுமே. அதையே வாங்குகிறேன்.

பளபளப்புத் தாளாதலால், மை விழாத உப்புப் பகுதி பக்கவாட்டில் பார்க்கையில் வேறு மினுமினுப்பாகத் தெரிந்தது. நிறமற்ற குரோமா ஆப்டிமைசர் மையைப் படம் முழுவதும் பூசும்படி அமைத்ததும் அது சரியாயிற்று. உப்பின் உச்ச வெள்ளை, சட்டத்தின் வெள்ளை அட்டையோடு கலந்துவிடாதிருக்க, அங்கே மிக மெல்லிய சாம்பலை விட்டிருக்கிறேன். கண்ணாடியின் உட்புறம் மூட்டம் படியாதிருக்க, முதல் அச்சை ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டுத்தான் சட்டத்தில் ஏற்றுவேன்.